பழைய வீட்டைப் புதுப்பிக்க: ஒரே மூச்சிலா, அறை அறையாகவா?

மாடிவீடு:
முப்பது வருடப் பழைய வீடு. குளியலறை இரண்டு, சமையலறை, ஒயரிங், தரை, பெயின்ட் என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேரிடம் எஸ்டிமேட் வாங்கினோம். இரண்டுக்கும் நடுவே நிறைய வித்தியாசம். பெரிய எஸ்டிமேட்டில் 60 சதவீதம்தான் கையில் இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கி ஒரேயடியாக முடிப்பதா, பணம் சேரச் சேர ஒவ்வோர் அறையாகச் செய்வதா? வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டோம்.

ஈரச்சுவர்:
ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். நான் அறை அறையாகச் செய்து பட்டவன். முதல் வருடம் ஹாலை முடித்தோம். டைல்ஸ், பட்டி, பெயின்ட் எல்லாம் பளிச்சென்று இருந்தது. அடுத்த வருடம் குளியலறைக்கு வந்து பழைய இரும்புக் குழாயை வெட்டினால், உள்ளே துருவேறி சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்குத் துளை சுருங்கிக் கிடக்கிறது. அந்த லைன் போவது ஹால் சுவருக்குள். புதுச் சுவரைக் கீறினோம், ஓரத்தில் ஒரு வரிசை டைல்ஸை உடைத்தோம். மறுபடி வாங்கப் போனபோது அதே டிசைன் கிடைத்தது, அதே பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கு, கிடைக்கவில்லை. அந்த வரிசை மட்டும் இன்றும் ஒரு சாயல் மங்கலாகத் தெரிகிறது.

படிப்படி:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தப்பு அறை அறையாகச் செய்ததில் இல்லை, குழாயைப் பார்க்காமல் ஹாலில் தொடங்கியதில்தான். பழைய வீட்டில் சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். கடனோ எஸ்டிமேட் அளவுக்குத்தான் கிடைக்கும். பாதியில் பணம் தீர்ந்தால் என்ன செய்வது? எங்கள் உறவில் ஒரு குடும்பம் அப்படித்தான் மாட்டியது. ஐந்து மாதம் தவணையும் கட்டினார்கள், தங்கிய வீட்டுக்கு வாடகையும் கொடுத்தார்கள். தங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு வைக்கக் காசில்லை.

ஈரச்சுவர்:
சரி, உங்கள் வழியிலும் செலவு இருக்கிறதே? ஒவ்வொரு தடவையும் ஆள் பிடிக்க வேண்டும், சாமான்களை நகர்த்த வேண்டும், இடிபாட்டை அள்ளிப்போட வண்டி வர வேண்டும். பொருள் விலையும் ஏறிக்கொண்டே போகும். அப்புறம் அந்தத் தூசி! குழந்தைகளை வைத்துக்கொண்டு வருடா வருடம் அதைத் தாங்க முடியாது.

படிப்படி:
அதனால்தான் சொல்கிறேன், அறைக் கணக்கில் பிரிக்காமல் வேலைக் கணக்கில் பிரியுங்கள். உடைப்பு, கூரைக் கசிவு, குழாய், ஒயரிங் இவை வீடு முழுக்க ஒரே தடவையில் முடியட்டும். தூசி பெரும்பாலும் அதோடு போய்விடும். சுவரை மூடும் முன் ஒவ்வொரு கீறல் பக்கத்திலும் அளவு டேப்பை வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே என்று தேட வேண்டாம். அடுத்தது குளியலறை. வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் தண்ணீர் கட்டி ஒரு நாளாவது விட்டு, கீழ்த்தளத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ். ஹால் தரை, பெயின்ட், அலமாரி எல்லாம் பணம் வரும்போது செய்யலாம். பூச்சு மட்டும் முடிந்த சுவரோடு தாராளமாக வாழலாம்.

அளவுநாடா:
இருவரும் எஸ்டிமேட் வித்தியாசத்தை விட்டுவிட்டீர்களே. மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள். குறைந்த எஸ்டிமேட்டில் உடைப்பு, இடிபாடு அகற்றுவது, வாட்டர்புரூஃபிங் இவை தனித்தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். 'குளியலறை மொத்தமாக' என்று ஒரே வரி இருந்தால், விடுபட்டதெல்லாம் பிறகு கூடுதல் வேலையாக வந்து நிற்கும். டைல்ஸ் என்ன விலையில் கணக்குப் போட்டிருக்கிறார், குழாய் சாமான் யார் வாங்குவது என்பதையும் எழுதி வாங்குங்கள். வெட்டுக்கழிவுக்கு 10 சதவீதம் டைல்ஸ் கூடுதலாக, அதுவும் ஒரே பேட்சில் எடுங்கள். இவ்வளவு பழைய வீட்டுக்கு மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். அழகான விளக்கைப் பார்த்ததும் அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது. வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள், கடைசித் தவணையைக் குறைகளைச் சரிசெய்த பிறகே கொடுங்கள். சுவர் எதையாவது எடுப்பதாக இருந்தால், அது பாரம் தாங்குகிற சுவரா என்று பொறியாளரைக் கேட்காமல் உடைக்க விடாதீர்கள்.

மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. எஸ்டிமேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். குறைந்ததில் ஒயரிங் என்ற பேச்சே இல்லை, இடிபாடு அகற்றுவதும் இல்லை. கையில் இருப்பதில் ஒதுக்கீட்டை எடுத்து வைத்துவிட்டு, குழாய், ஒயரிங், அம்மா புழங்கும் குளியலறை இந்த மூன்றையும் முதலில் செய்யலாம் என்று நினைக்கிறோம். அவருக்கு வழுக்காத தரையும் சுவரில் கைப்பிடியும் வேண்டும். அதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

படிப்படி:
கைப்பிடி வரும் இடத்தை டைல்ஸ் ஒட்டும் முன்பே குறித்துக் கொடுங்கள். அந்த இடத்தில் சுவர் உறுதியாக இருக்க வேண்டும். டைல்ஸைப் பிடித்துக்கொண்டு கைப்பிடி நிற்காது.

ஈரச்சுவர்:
குழாய் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது குளியலறையையும் சேர்த்தே முடியுங்கள். ஆட்கள் ஏற்கெனவே வீட்டில் இருப்பார்கள், தண்ணீர் லைனும் திறந்திருக்கும். அதற்கு மட்டும் சின்னதாகக் கடன் வாங்கினால்கூடத் தப்பில்லை.