மறு: ‘சோஷியல் கேம்’ – ‘சமூக விளையாட்டு’ சரிதானா?

குழுவினருக்கு வணக்கம். கணினி ஆட்டம் எழுதும் பாடத்துக்கான தமிழ்ச் சொற்கள் பற்றிய மடலுக்கு என் பதில்.

> பாடத்துக்கு ‘சமூக விளையாட்டு உருவாக்கம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். ஆட்சேபணை உண்டா?

உண்டு. தலைப்பைப் பார்த்து வருகிறவர் கபடியும் கோ-கோவும்தான் எதிர்பார்ப்பார். ‘விளையாட்டு’ ஸ்போர்ட்ஸ் பக்கம் போய் ரொம்ப நாளாகிவிட்டது. சீட்டாட்டம், சதுரங்க ஆட்டம் என்று பழகிய ‘ஆட்டம்’ இங்கே போதும். ‘சமூகம்’ அதைவிடச் சிக்கல். 2009இல் ஃபார்ம்வில் என்ற பேஸ்புக் பண்ணை ஆட்டம் வந்தபோது ‘சோஷியல்’ என்றது பேஸ்புக் நண்பர் பட்டியலைத்தான், ஊர் உலகத்தை அல்ல.

இன்னொன்று, மாணவர்கள் இன்று எழுதப்போவது ஃபார்ம்வில் மாதிரி ஃபிளாஷ் (உலாவியில் அசைபடமும் ஆட்டமும் ஓட்டிய பழைய அடோபி மென்பொருள்) ஆட்டம் இல்லை. ஃபிளாஷோடு சேர்ந்து அதுவும் 2020 கடைசியில் மூடப்பட்டது. (உங்கள் நூல் பட்டியலில் ஃபிளாஷ் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.) 2016இல் டெலிகிராமும் பேஸ்புக்கும் அடுத்தடுத்துக் கொண்டுவந்த வகை வேறு: தரவிறக்கம் கிடையாது, அரட்டையில் வந்த ஆட்டத்தைத் தட்டினால் உடனே திறக்கும், கூட இருப்பவர்களோடு போட்டி.

ஆகவே என் பரிந்துரை ‘உடனாட்டம்’. ‘உடன்’ என்பதில் ‘உடனே’யும் இருக்கிறது, உடன்பிறப்பில் வரும் ‘கூட’வும் இருக்கிறது. உடனாட்டத் தளம், உடனாட்ட உருவாக்கம் என்று நீட்டவும் வரும்.

> ‘ஊடாட்டம்’ என்று காதில் விழாதா?

விழலாம், ‘இன்டராக்‌ஷன்’ என்று நினைப்பார்கள். வகுப்பில் வாய்விட்டுச் சொல்லும்போது கொஞ்சம் இடறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘சமூக வலைத்தள உடனடி விளையாட்டு’ என்பதைவிட இந்த இடறல் பரவாயில்லை.

> ‘கான்டெக்ஸ்ட்’ = சூழல்

இதை மட்டும் விடமாட்டேன். பேஸ்புக்கின் இன்ஸ்டன்ட் கேம்ஸ் (அதன் உடனாட்டத் தளம்) நிரலகத்தில் கான்டெக்ஸ்ட் என்பது ஆட்டம் எங்கே திறந்தது என்பதைக் குறிக்கும்: ஓர் உரையாடலா, ஒரு பதிவா, ஒரு குழுவா, தனி ஆட்டமா. தனி ஆட்டம் என்றால் அதற்கு அடையாள எண்ணே வராது. டெலிகிராமிலும் இதே கதைதான். புள்ளிகள் அரட்டைக்கு அரட்டை தனித்தனி. அலுவலகக் குழுவில் 80 எடுத்தவருக்கு வீட்டுக் குழுவில் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதோடு, அந்த அரட்டையில் ஏற்கெனவே எடுத்ததைவிடக் குறைவான புள்ளியை அனுப்பினால், ‘ஃபோர்ஸ்’ (கட்டாயமாக மாற்று) என்று சொல்லாதவரை, புள்ளியைப் பதியும் ‘செட்கேம்ஸ்கோர்’ கட்டளை பிழைதான் தரும். புதிதாக எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘சூழல்’ என்று எழுதினால் மழை, வெயில், சர்வர் எல்லாம் நினைவுக்கு வரும், இது வராது. ‘ஆடுகளம்’ என்று வைப்போம். ஆடுகளம் மாறினால் புள்ளியும் மாறும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பாட வரிசை சரி. மோசில்லாவின் எம்டிஎன் என்ற வலைநிரல் பாடத் தளத்தில் வெறும் ஜாவாஸ்கிரிப்டில் பிரேக்அவுட் (பந்தால் செங்கல் உடைக்கும் ஆட்டம்) எழுதும் பாடம், அப்புறம் அதையே ஃபேசர் என்ற ஆட்ட நிரலகத்தில் எழுதுவது. அது முடிந்த பிறகு பாட்ஃபாதரிடம் (டெலிகிராமில் பாட்களைப் பதிவு செய்யும் பாட்) ‘நியூகேம்’ கட்டளை கொடுத்து டெலிகிராமில் ஏற்றச் சொல்லுங்கள். பேஸ்புக்கை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். டிஸ்கார்டு என்ற அரட்டைத் தளத்தை இந்தப் பருவத்தில் சேர்க்க வேண்டாம், பளு கூடும்.

யார் முன்னே என்று காட்டும் ‘லீடர்போர்டு’க்கு ‘தலைவர் பலகை’ என்று யாரோ போட்டிருக்கிறீர்கள். கட்சி அலுவலக வாசல்தான் கண்முன் வருகிறது! ‘புள்ளிப்பட்டியல்’ கிரிக்கெட் பக்கங்களில் அணிகளுக்குப் புழங்குகிறது. ஆட்டக்காரர்களுக்கும் அதையே வைக்கலாமா, ‘முன்னிலைப் பட்டியல்’ என்று பிரிக்கலாமா? எனக்கு இரண்டாவது. மற்றவர்கள் சொல்லுங்கள்.