விண்ணேற்றப் பெருவிழா வியாழனா, ஞாயிறா? பாஸ்கா காலக் கணக்கில் ஓர் ஐயம்

சிவாஜிநகர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2025ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 20 அன்று வந்தது. ஆண்டவரின் விண்ணேற்றம் நாற்பதாம் நாள் என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்த நினைவில், விரல்விட்டு எண்ணி, மே 29 வியாழக்கிழமைக்கு அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு காலைத் தமிழ்த் திருப்பலிக்குப் போனேன். கோவிலில் இருபது பேர்கூட இல்லை. வாசலில் செருப்பை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெரியவர், “அது ஞாயிற்றுக்கிழமைதானே தம்பி” என்றார். மறுநாள் உடன் பணிபுரியும் மலையாள நண்பரோ, தங்கள் கோவிலில் வியாழனன்றே விழாத் திருப்பலி நடந்ததாகச் சொன்னார். அவரும் கத்தோலிக்கர், நானும் கத்தோலிக்கன். இந்த வேறுபாடு எப்படி வந்தது? உயிர்ப்பு விழா முடிந்த பிறகும் பீடத்தருகே அந்தப் பெரிய மெழுகுதிரி (பாஸ்கா திரி) வாரக்கணக்கில் நிற்பது ஏன் என்பதையும், விழாத் தேதி ஆண்டுதோறும் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறைக்கல்வி ஆசிரியர்:

“முடிந்த பிறகும்” என்கிறீர்கள்; விழா அன்று முடிவதில்லை, தொடங்குகிறது. உயிர்ப்பு ஞாயிறு முதல் தூய ஆவியார் பெருவிழா வரையுள்ள பாஸ்கா காலத்தின் ஐம்பது நாள்களும் ஒரே விழா நாளாக, இன்னும் சொன்னால் ஒரே “மாபெரும் ஞாயிறாக”, கொண்டாடப்பட வேண்டும் என்பது 1969இல் திருத்தப்பட்ட திருவழிபாட்டு நாள்காட்டியின் நெறிமுறை. அதனால்தான் அடுத்தடுத்து வரும் ஞாயிறுகளை “பாஸ்காவுக்குப் பின்வரும் ஞாயிறு” என்னாமல் “பாஸ்கா காலம் இரண்டாம் ஞாயிறு”, “மூன்றாம் ஞாயிறு” என்று குறிக்கிறோம். முதல் எட்டு நாள்கள், அதாவது பாஸ்கா எண்கிழமை முழுவதும், ஒவ்வொரு நாளும் பெருவிழாவுக்குரிய தகுதி பெறுகிறது. முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வராமல் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து வருவதையும் நீங்கள் கவனித்திருக்கலாம். 325ஆம் ஆண்டு நிசேயா பொதுச்சங்கத்தின் இருபதாம் விதி, இந்த நாள்களில் மண்டியிடாமல் நின்றுகொண்டே மன்றாட வேண்டும் என்று சொல்கிறது. தவக்காலத்தின் நாற்பது நாள்களை மீன், இறைச்சி தவிர்த்துக் கருத்தாகக் கடைப்பிடிக்கும் நாம், அதைவிட நீண்ட இந்த மகிழ்ச்சியை ஒரே மதியப் பிரியாணியோடு முடித்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தமே.

இனி உங்கள் வியாழக்கிழமை. நாற்பதாம் நாள் என்ற உங்கள் எண்ணிக்கை சரியானதே. ஆனால், வார நாளில் மக்கள் வர இயலாத இடங்களில், திருப்பீடத்தின் (வத்திக்கானின்) ஒப்புதலோடு ஆயர் பேரவை அவ்விழாவைப் பாஸ்கா காலம் ஏழாம் ஞாயிற்றுக்கு மாற்றலாம்; இந்தியாவில் இலத்தீன் வழிபாட்டு முறையினர் அப்படித்தான் கொண்டாடுகிறோம். உங்கள் நண்பர் கேரளத்தின் கீழைக் கத்தோலிக்க மரபான சீரோ மலபார் முறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அவர்கள் வியாழனையே காத்துவருகிறார்கள்.

மொட்டைமாடி வானியலன்:

உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர், வரும் தேதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பது விதி. ஆகவே மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் அது அமையலாம். ஆனால் இந்தப் பௌர்ணமி வானத்தில் தெரிவதன்று, திருச்சபையின் அட்டவணையில் உள்ளது. 2019இல் பங்குனிப் பௌர்ணமி மார்ச் 21 அன்றே வந்ததால், நம் ஊர் பஞ்சாங்கத்தைப் பார்த்தவர்கள் மார்ச் 24 அன்று ஈஸ்டர் என்று எண்ணியிருப்பார்கள். அட்டவணையிலோ அந்தப் பௌர்ணமி மார்ச் 20 அன்று, வரம்புக்கு ஒரே நாள் முன்னதாக முடிந்துவிட்டது. அதனால் அடுத்த நிலவுக்காகக் காத்திருந்து, ஏப்ரல் 21 அன்று விழா கொண்டாடப்பட்டது. சித்திரா பௌர்ணமி அவ்வாண்டு பெரிய வெள்ளியன்று வந்தது. அன்று இரவு சிலுவைப்பாதை முடித்துத் திரும்பும்போது நிலவை நான் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். 1582இன் கிரகோரியன் திருத்தத்தை ஏற்காமல் பழைய ஜூலியன் கணக்கில் செல்லும் கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கு 2024இல் ஈஸ்டர் மே 5 அன்று வந்தது. நமக்கோ மார்ச் 31.

தங்கவயல் பாட்டி:

திரியைப் பற்றி எவரும் சொல்லவில்லையே, தம்பி. நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். என் சிறுவயதில் விண்ணேற்ற விழாவன்று நற்செய்தி வாசித்து முடிந்ததும் பாஸ்கா திரியை அணைத்துவிடுவார்கள். ஆண்டவர் கண்ணுக்கு மறைந்தார் என்பதற்கு அடையாளம் அது. அந்தப் புகை மேலே சுருண்டு போவதைக் கண்கொட்டாமல் பார்ப்போம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தூய ஆவியார் பெருவிழா வரை ஏற்றுகிறார்கள். அதன்பின் திருமுழுக்குத் தொட்டியருகே வைத்து, குழந்தைகளுக்குத் தரும் திரியை அதிலிருந்தே பற்றவைப்பார்கள். அடுத்த முறை அருகில் போய்ப் பாருங்கள்: சிலுவை, அதைச் சுற்றி அந்த ஆண்டின் நான்கு எண்கள், மேலும் கீழும் நம் விவிலியம் அகரம், னகரம் என்று சொல்லும் இரண்டு கிரேக்க எழுத்துகள், ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள்.

சிவாஜிநகர்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. 2026இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5 என்பதால், நாற்பதாம் நாள் மே 14 வியாழன், நம் கோவிலில் மே 17 ஞாயிறு என்று குறித்துக்கொண்டேன். வியாழனன்று விடுப்பு எடுத்தால் நண்பரின் கோவிலுக்குத்தான்.