வீட்டு பேக்கப்புக்கு சின்ன நாஸ்: ஒரு டிஸ்க் போதுமா, இரண்டு வேண்டுமா?

ஈரோட்டுக்காரி:
வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு லேப்டாப், மூன்று போன். பிள்ளைகளின் படங்கள், அப்பா காலத்து ஆல்பங்களை ஸ்கேன் செய்தது, கணவரின் ஜிஎஸ்டி கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு டெராபைட்டை நெருங்கிவிட்டது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூனில் இலவசத்தை நிறுத்தியதிலிருந்து காசு கட்டி வருகிறோம், அந்த இடமும் நிரம்பிவிட்டது. ரௌட்டரோடு இணைத்து வீட்டில் எல்லாருடைய ஃபைல்களையும் போட்டு வைக்கும் நாஸ் பெட்டிகளில், சினாலஜி கம்பெனியின் ஒரு டிஸ்க் போடும் டிஎஸ்124, இரண்டு போடும் டிஎஸ்223ஜெ இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு டிஸ்க் இருந்தால்தானே பாதுகாப்பு? நான் கம்ப்யூட்டர் துறை ஆள் இல்லை. வாங்கி வைத்தால் அது பாட்டுக்கு ஓட வேண்டும்.

பைப்பிரியன்:
ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டி கம்ப்யூட்டர், ஒரு யூஎஸ்பி டிஸ்க், அதை நாஸாக மாற்றும் ஓப்பன்மீடியாவால்ட் மென்பொருள். செலவு நன்றாகக் குறையும். விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

கோவை சர்வீஸ்:
பை எனக்கும் பிடிக்கும், என் வீட்டிலேயே ஓடுகிறது. ஆனால் அதன் மென்பொருள் இருக்கும் எஸ்டி கார்டு படுத்துக்கொண்டால் எழுப்புவதற்கு வீட்டில் ஆள் வேண்டும். இவர்களுக்கு அது வேண்டாம்.

சகோதரி, என் கருத்து: டிஎஸ்124 எடுங்கள். இரண்டாவது டிஸ்க்குக்கும் பெரிய பெட்டிக்கும் போகும் காசில் யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதும் ரெய்டு 1 போட்டால் ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றது ஓடும், அவ்வளவுதான் அதன் வேலை. பிள்ளை கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே போய்விடும். லேப்டாப்பில் புகுந்த வைரஸ் ஃபைல்களைப் பூட்டினாலும் அப்படித்தான். பெட்டியையே திருடன் தூக்கிப்போனால் கேட்கவே வேண்டாம். சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் செயலி வாராவாரம் யூஎஸ்பி டிஸ்க்கில் நகல் எடுக்கும், பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். ஒரு டிஸ்க் பெட்டியில் இருக்கட்டும், மற்றது அம்மா வீட்டு பீரோவில். ஊருக்குப் போகும்போதெல்லாம் மாற்றி வையுங்கள். அப்பாவின் ஆல்பங்களை மறுபடி ஸ்கேன் செய்ய முடியுமோ முடியாதோ, அதை நினைத்துத்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

உள்ளே போடும் டிஸ்க் சீகேட் ஐயன்வுல்ஃப் அல்லது டபிள்யூடி ரெட் பிளஸ். அந்த ‘பிளஸ்’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் முறை இருப்பது 2020-இல் வெளியே தெரிந்தது. அதில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி இருக்கும், அதனால் திருத்தி எழுதும்போது திணறும்.

அப்புறம் கேபிள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ரௌட்டரிலிருந்து வரும் லேன் கேபிளின் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள், பிளக் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே வண்ணக் கம்பிகள் தெரியும். எட்டு இருக்க வேண்டும். நாலு கம்பி மட்டும் கிரிம்ப் செய்த கேபிள்களை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதில் 100 எம்பிபிஎஸ்தான் வரும், ஒரு டெராபைட் ஏற்ற ஒரு முழு நாள் ஆகும். எட்டு கம்பியும் இருந்து கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரௌட்டரில் கேபிள் செருகும் போர்ட்டும் கிகாபிட்டாக இருக்க வேண்டும்.

ஈரோட்டுக்காரி:
ரொம்ப நன்றி அண்ணா. கேபிளைப் பார்த்தேன், நாலு கம்பிதான்! வெளியூரில் இருக்கும்போது போனிலிருந்து படங்களைப் பார்க்க முடியுமா? கரண்ட் அடிக்கடி போகும், வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. போதுமா?

கோவை சர்வீஸ்:
பார்க்கலாம், சினாலஜியின் குவிக்கனெக்ட் சேவை போதும். ரௌட்டர் செட்டிங்கில் வெளியிலிருந்து வர போர்ட் திறந்து பெட்டியை நேராக இணையத்தில் வைக்காதீர்கள். 2021 ஜூனில் இணையத்தில் இருந்த டபிள்யூடியின் மை புக் லைவ் பெட்டிகளை யாரோ வெளியிலிருந்தே துடைத்துவிட்டார்கள், பலருடைய குடும்பப் படங்கள் போயின. 2022 ஜனவரியில் கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளை டெட்போல்ட் என்ற வைரஸ் பூட்டிப் பணம் கேட்டது. அட்மின் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டர் யூபிஎஸ் மோடில் இருந்தால் கரண்ட் மாறும் நொடியைச் சமாளித்துவிடும். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று பெட்டிக்குச் சொல்ல அதற்கு வழியில்லை. யூஎஸ்பி வயர் உள்ள சின்ன யூபிஎஸ் சொல்லும், பெட்டி ஒழுங்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். எந்த மாடல் பொருந்தும் என்று சினாலஜி தளத்திலேயே பட்டியல் இருக்கிறது, கடைக்காரரிடம் அதைக் காட்டி வாங்குங்கள்.