ஹாரிஸ் தோற்றதற்குக் காரணம் பைடனின் தாமதமா?

அடையாறுக்காரன்:
2024 நவம்பர் 6 காலை, எலியட்ஸ் கடற்கரை டீக்கடை பெஞ்சில் நாலு பேர் ஒரே ஃபோனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவு வந்துகொண்டிருந்தது. பத்து மணி வாக்கில் வட கரோலினா மாநிலம் ஹாரிஸின் கைவிட்டுப் போனது. வாங்கிய டீயை யாரும் குடிக்கவில்லை. கமலா ஹாரிஸ் சின்ன வயதில் தாத்தா கோபாலனோடு நடந்த கடற்கரை அது. அன்றிலிருந்து என் கருத்து ஒன்றுதான்: தோல்விக்குக் காரணம் அப்போதைய அதிபர் பைடனின் தயக்கம். டிரம்ப்போடு நடந்த ஜூன் 27 விவாதத்தில் அவர் தடுமாறியதை ஊரே பார்த்தது. அதற்கப்புறமும் 24 நாள் இழுத்து, ஜூலை 21-ல்தான் போட்டியிலிருந்து விலகி, துணை அதிபர் ஹாரிஸுக்கு வழிவிட்டார். தேர்தலுக்கு மிச்சம் 107 நாள். அதற்குள் என்ன செய்ய முடியும்?

புரசைக்காரர்:
107 நாள் கம்மியா சார்? நமக்கு 2024 மார்ச் 16-ல் தேதி அறிவித்தார்கள், ஏப்ரல் 19-ல் ஓட்டே போட்டுவிட்டோம். பிரிட்டனில் அப்போதைய பிரதமர் சுனக் மே 22-ல் அறிவித்தார், ஜூலை 4-ல் தேர்தல். ஹாரிஸுக்கு நாள் போதாமல் இல்லை, எந்தப் பக்கம் நிற்பது என்று அவர் முடிவு எடுக்கவில்லை. அக்டோபர் 8-ல் ஒரு டிவி நிகழ்ச்சியில், பைடன் செய்ததில் எதை மாற்றிச் செய்திருப்பீர்கள் என்று கேட்டார்கள். எதுவும் தோன்றவில்லை என்றார். விலைவாசியில் நொந்துபோன ஜனங்களுக்கு அதுவா பதில்? பார்த்த எனக்கே வயிறு எரிந்தது.

மயிலை டீச்சர்:
நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாதுங்க. இங்கே வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும், நாம் சின்னத்தைப் பார்த்துக் குத்துவோம். அங்கே ஜனவரியிலிருந்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாக உட்கட்சித் தேர்தல். சொந்தக் கட்சிக்காரனே எதிரில் நின்று குடைவான். நீங்கள் சொல்கிற அந்தக் கேள்வியை யாராவது பிப்ரவரியிலேயே கேட்டிருப்பார்கள், அக்டோபருக்குள் பதில் பழகியிருக்கும். ஹாரிஸுக்கு அது கிடைக்கவே இல்லை. கட்சிப் பிரதிநிதிகள் இணைய வழியில் வாக்களித்து, சிகாகோ கட்சி மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வேலையை முடித்துவிட்டார்கள்.

புரசைக்காரர்:
டீச்சர், 1968-ஐப் பாருங்கள். அன்றைய அதிபர் ஜான்சன் மார்ச் 31-லேயே போட்டியிலிருந்து விலகினார். அவருக்குப் பதில் நின்ற ஹம்ஃப்ரிக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. அவரும் துணை அதிபர்தான். வியட்நாம் விஷயத்தில் ஜான்சனை விட்டு விலகுவதா வேண்டாமா என்று செப்டம்பர் 30 வரை குழம்பினார். அன்றைக்கு சால்ட் லேக் சிட்டியில், வடக்கு வியட்நாம் மேல் குண்டுவீச்சை நிறுத்துவேன் என்று சொன்ன பிறகுதான் ஏற ஆரம்பித்தார். கடைசியில் எதிர்க்கட்சி வேட்பாளர் நிக்சனிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத் தோற்றார். ஒரு மாதம் முன்னால் அதைப் பேசியிருந்தால்?

மயிலை டீச்சர்:
அந்த ஹம்ஃப்ரியும் ஒரு உட்கட்சித் தேர்தலில்கூட இறங்கவில்லையே! ஏப்ரல் 27-ல் அறிவித்தார், நேரே மாநாட்டில் வேட்பாளர் ஆனார். நீங்கள் கொண்டுவந்த ஆளே எனக்குச் சாட்சி.

அடையாறுக்காரன்:
சரி, 107 நாள் என்ற என் வாதத்தை விட்டுவிடுகிறேன். டீச்சர் சொல்வதுதான் சரி. அப்படிப் பார்த்தால் தவறு 2024 ஜூலையில் இல்லை. மறுபடி நிற்கிறேன் என்று பைடன் 2023 ஏப்ரலில் அறிவித்தாரே, அங்கேயே நடந்துவிட்டது.

புரசைக்காரர்:
2023 பற்றி ஒத்துக்கொள்கிறேன் சார். ஆனால் அக்டோபர் பதிலை பைடன் தலையில் கட்ட மாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியது ஹாரிஸ்தான்.