செஸ்னா 172பி (P) குட்டி விமானம்: மூன்றாவது சிலிண்டர் மட்டும் 440 டிகிரி காட்டுது. நிஜமா, ப்ரோப் (சூடு அளக்குற சென்சார்) கோளாறா?

தும்பி_172:
என்ஜின் லைகமிங் ஓ-320-டி2ஜே. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து புது மானிட்டர் போட்டிருக்கு. 75 நாட் (மணிக்கு 75 கடல் மைல்) வேகத்துல ஏறும்போது 1, 2, 4 மூணும் ஹெட் (சிலிண்டரோட தலைப்பகுதி) சூடு 375–390 ஃபாரன்ஹீட். 3 மட்டும் 440. மட்டத்துக்கு வந்ததும் 405க்கு இறங்குது. ஈ.ஜி.டி. (வெளியேறுற புகையோட சூடு) நாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆயில் சூடும் சரி. பழைய ஒத்தை கேஜும் 3-லதான் இருக்கு, முள் பச்சையை விட்டுத் தாண்டல. எதை நம்பறது?

ஸ்பானர்:
பழைய கேஜ் 3-ல இருந்தா, அந்த ஹெட்ல ப்ரோபுக்குன்னு இருக்கிற ஒரே குழியை அதுதான் பிடிச்சிருக்கும். அப்போ மானிட்டருக்கு 3-ல என்ன போட்டாங்க? ஸ்பார்க் பிளக் அடியில வர்ற வாஷர் ப்ரோபா?

தும்பி_172:
ஆமா, மேல் பிளக் அடியில. மத்த மூணும் குழிக்குள்ள.

ஸ்பானர்:
அப்போ ஒப்பீடே செல்லாதுங்க. ரெண்டும் ஹெட்ல வேற வேற இடத்தை அளக்குது. வாஷர் ப்ரோபுக்குப் பதிலா குழிக்கான அடாப்டர் வாங்குங்க. அதைத் திருகி, அதுக்குள்ளேயே பழைய ப்ரோபைப் போடலாம். பழைய கேஜைக் கழட்டாதீங்க, விமானத்தோட உபகரணப் பட்டியல்ல இருந்தா அது அங்கேயே இருக்கணும். பிளக்குக்கு மறுபடி புது செம்பு வாஷர், இறுக்குற டார்க் 30–35 அடி-பவுண்டு.

வயரையும் பாருங்க. ஹெட் ப்ரோப் ஜே வகை தெர்மோகப்பிளா (ரெண்டு வேற உலோக வயர் சேர்ந்த சென்சார்) இருந்தா: வெள்ளை பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பிளஸ்னு நினைச்சு மாத்திக் குடுத்தா சூடு ஏற ஏற எண் இறங்கும். நீளம் பத்தலைன்னு என்ஜின் பக்கம் சாதா செம்பு வயரை ஒட்டுப் போட்டிருந்தா, அந்த ஒட்டு சூடாகிற அளவுக்கு ரீடிங் குறைஞ்சு தெரியும். குறைவா காட்டுற ப்ரோபுக்குத்தான் நான் அதிகமா பயப்படுவேன்.

பேஃபிள்_பைத்தியம்:
பழியை முழுசா ப்ரோப் மேலயே போட்டுடாதீங்க. 3 வலது பின் சிலிண்டர். அந்த ஹெட்டோட பின்பக்கக் குளிர்விப்புத் துடுப்புகளுக்கு ஆழம் கம்மி. பேஃபிள் தகடு (காத்தைச் சிலிண்டர் பக்கம் திருப்புறது) அங்கே ஒட்டி உக்காந்தா காத்து இறங்க வழியே இல்ல. சொந்தமா விமானம் கட்டுறவங்க தகட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல ஒரு வாஷர் வெச்சு இடைவெளி விடுவாங்க. சான்றிதழ் பெற்ற 172-ல அனுமதி இல்லாம அதைச் செய்ய முடியாது. ஆனா சீல்களைப் பார்க்கலாமே. கவுலிங்கை (என்ஜினோட வெளி மூடி) மூடி, முன் துவாரம் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலிக்கான் சீல் முன்னோக்கி வளைஞ்சு, மேல் கவுலிங்கை ஒட்டி நிக்கணும். பின்னால மடிஞ்சிருந்தா காத்து அது வழியாவே ஓடிடும். சின்ன இடுக்குகளுக்கு ஆர்.டி.வி. (சிலிக்கான் பசை) போதும்.

ஸ்பார்க் டைமிங் முந்தியிருந்தா நாலும் சூடாகும். இன்டேக் (காத்து உள்ளே போற குழாய்) கசிஞ்சா த்ராட்டில் குறைச்ச நிலையில 3-ஓட ஈ.ஜி.டி. தனியா ஏறும், குழாய் மூட்டுல நீலக் கறையும் தெரியும். நீங்க சொல்றதுல ரெண்டும் இல்ல.

அதுவரைக்கும் முழு ரிச் (எரிபொருள் அதிகமான கலவை), 85 நாட்ல ஏறுங்க. லைகமிங் உச்ச வரம்பு 500, ஆனா தொடர்ந்து ஓட்ட 435க்குக் கீழ வைக்கச் சொல்றாங்க. ஒரு சிலிண்டர்ல ஹெட் சூடு நொடிக்கு ஒரு டிகிரி மாதிரி ஏறி, ஈ.ஜி.டி. இறங்கினா அது ப்ரோப் விஷயம் இல்ல, எரிதல் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். உடனே த்ராட்டிலைக் குறைச்சு மூக்கை இறக்குங்க, மிக்ஸ்ச்சர் முழு ரிச்சா இருக்கணும்.

தும்பி_172:
அடாப்டர் போட்டதும் அதே 75 நாட்ல 412. வலது பின் மூலை சீல் மடிஞ்சிருந்தது. அதை மாத்தினதும் 395. பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாச்சு.

ஸ்பானர்:
நல்லது. ஆனா அடாப்டர் குழியோட அடிவரைக்கும் போகாது, அதனால நிஜத்தைவிடக் கொஞ்சம் குறைவாத்தான் காட்டும். 395ஐ 400க்கு மேலன்னே வெச்சுக்கோங்க. 3-க்குத் தனியா எச்சரிக்கை வைக்க முடிஞ்சா மத்ததைவிட 10–15 டிகிரி கீழ வைங்க.