லீவரை மூடியும் அடங்காத விறகு ஹீட்டர்

ஈசூன் வாசகர்:

போன ஜூன் பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு, லான்செஸ்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். இங்கே சிங்கப்பூரில் வேர்த்துக் கொட்டும். அங்கே இரவில் 2, 3 டிகிரி. கூடத்தில் பழைய செங்கல் கணப்புக்குள் செருகி வைத்த இரும்பு விறகு ஹீட்டர். முன்னால் கண்ணாடிக் கதவு, அடியில் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு லீவர். முதல் இரவே அத்தான் சொன்னார்: "தம்பி, எவ்வளவு விறகு போட்டாலும் தின்னுடுது. லீவரை முழுசா மூடினாலும் அடங்கலை."

உண்மைதான். மூன்று கட்டை ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. லீவர் மூடிய பக்கம் நிற்கிறது, உள்ளே தீ கொல்லன் உலை மாதிரி இரைகிறது. தீக்கு மேலே புகையைத் தடுத்துத் திருப்பிவிடும் பேஃபிள் தட்டு செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அப்படிச் சிவந்தால் இரும்பு கோணிப்போகும், அதை விளையாட்டாக விடக்கூடாது.

நான் ஏர்கான் சர்வீஸ் வேலை பார்க்கிறவன். காற்று எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதுதான் பிழைப்பு. இதில் இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்று தோன்றியது: லீவருக்குக் கட்டுப்படாத வழியில் காற்று உள்ளே வருகிறது, இல்லையென்றால் லீவர் அசைந்தும் உள்ளே காற்று வழியை மூடும் தட்டு அசையவில்லை.

காலையில் அடுப்பு ஆறிய பிறகு கதவிலிருந்து ஆரம்பித்தேன். கதவு விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பார்கள். பிடித்துக்கொண்டால் கதவு இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் கயிறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பர்ஸில் இருந்த 2 வெள்ளி நோட்டை வைத்தேன். எல்லாப் பக்கமும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கயிறு முழுவதும் போச்சு என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, நம் நோட்டு பிளாஸ்டிக், எங்கே வைத்தாலும் வழுக்கும். செய்தித்தாளைக் கீறி வைத்தேன். மேல்பக்கமும் கீல் பக்கமும் இறுக்கமாகப் பிடித்தன. கைப்பிடிக்குக் கீழ் மூலையில் மட்டும் தாள் சும்மா வந்தது. அங்கே கயிறு நசுங்கி, நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது.

பழைய கயிற்றின் தடிமனிலேயே புதிது வாங்கினோம். பள்ளத்தில் இருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, சூடு தாங்கும் பசை தடவி, கயிற்றை இழுக்காமல் அப்படியே படிய வைத்தோம். இழுத்து ஒட்டினால் மெலிந்து மறுபடியும் இடைவெளி விழும். முக்கால்வாசிப் பேர் தவறு செய்யும் இடம் இதுதான்.

பசை காய்ந்ததும் அன்று இரவு சின்னதாகத் தீ மூட்டி, அக்காவின் சாமி அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தி எடுத்துக் கதவு, கண்ணாடி விளிம்பு ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனேன். புகை நேராக மேலே போனது. லீவர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளவுக்கு வந்ததும் சட்டென்று வளைந்து உள்ளே ஓடியது. லீவரோ மூடித்தான் இருக்கிறது!

மறுநாள் ஆறிய அடுப்புக்கு அடியில் போனை நுழைத்து, டார்ச் போட்டு வீடியோ எடுத்தோம். லீவரின் கம்பி நகர்கிறது. அதோடு போக வேண்டிய தட்டு பாதியில் நின்றுவிடுகிறது. தட்டு ஓடும் பள்ளத்தில் பொடிச் சாம்பலும் கரித்துண்டும் இறுகிக் கிடந்தன. பழைய டூத்பிரஷ், மெல்லிய ஸ்க்ரூடிரைவர், அரை மணி நேரம். கடைசியில் தட்டு ஓடி முனையில் 'டக்' என்று முட்டிய சத்தம் கேட்டதும் அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று அதே மூன்று கட்டை மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றது.

ஒன்று கவனியுங்கள். பல ஹீட்டர்களில் லீவரை முழுதும் மூடினாலும் கொஞ்சம் காற்று போகும்படிதான் செய்திருப்பார்கள். அதை அடைக்காதீர்கள். அடுத்த இரவே அத்தான் விடியும்வரை எரியட்டும் என்று புதுக் கட்டை போட்ட கையோடு லீவரை மூடிவிட்டார். காலையில் கண்ணாடி முழுவதும் கறுப்பு. அதே தார்தான் புகைபோக்கியிலும் கிரியோசோட்டாகப் படிந்து ஒரு நாள் தீப்பிடிக்கும். புது விறகு 15, 20 நிமிடம் நன்றாக எரியட்டும், பிறகு படிப்படியாகக் குறையுங்கள். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். லான்செஸ்டன் பள்ளத்தாக்கு ஊர், குளிர்கால இரவில் புகை மேலே போகாமல் தேங்கும். அதனால் 2001 முதல் 2004 வரை விறகு ஹீட்டர்களை மின்சார ஹீட்டராக மாற்ற அரசாங்கமே பண உதவி செய்தது. மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் ஒன்று வாங்கி மாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

செம்பவாங் வாசகர்:

அண்ணே, எங்கள் கதை வேறு. கனடாவில், கல்கரியில் வேலை பார்த்தபோது வாடகை வீட்டில் இதே தொல்லை. கயிறு புதுசு, தட்டும் சரியாக ஓடியது. ஆள் வந்து காற்றழுத்தம் அளக்கும் மானோமீட்டர் வைத்தார். 12 பாஸ்கல் (அழுத்த அலகு) அளவில் இருக்க வேண்டிய புகைபோக்கியின் இழுப்பு 30ஐத் தாண்டியது. உயரமான புகைபோக்கி, வெளியே கடுங்குளிர். அந்த இழுப்புக்கு எந்த லீவரும் ஈடுகொடுக்காது. புகைக் குழாயில் இழுப்பைக் குறைக்கும் ஒரு டேம்பர் போட்ட பிறகுதான் தூங்கினோம்.

புக்கிட் பாத்தோக் வாசகி:

என் வீட்டுக்காரர் ஓர் உணவகத்தில் கரித் தந்தூரி அடுப்பு பார்க்கிறார். மதியம் நான் ரொட்டியின் அடி கருகும், மாலையில் வேகாது. அடியில் காற்று போகும் வாயின் மூடி உடைந்துபோய், செங்கல்லை வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். மதியம் செங்கல் ஓரத்தில் காற்று பாய்ந்தது, மாலைக்குள் சாம்பல் வந்து அந்த வாயையே அடைத்தது. இப்போது தகரத்தில் ஒரு சறுக்கு மூடி. மதிய வேலை முடிந்து கனல் தணிந்ததும் அடிச் சாம்பலை அள்ளிய பிறகுதான் இவர் சாப்பிட உட்காருகிறார்.