துண்டுத்துணி பிளாக் (குவில்ட் எனும் ஒட்டுப்போர்வைக்குத் தைக்கும் சதுரம்): வேகமாகத் தைக்கப் போய் எங்கே சிக்குகிறது?

பட்டைவெட்டு:
நைன் பேட்ச்சுக்கு (மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம் சேர்ந்த பிளாக்) இன்னமும் ஒன்பது சதுரம் வெட்டி ஒவ்வொன்றாகச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 2½ இஞ்ச் பட்டையாக வெட்டி, மும்மூன்றாகத் தைத்து, குறுக்கே 2½ இஞ்சுக்கு நறுக்கினால் போதும். 20 இஞ்ச் நீளத்தில் அடர்நிறப் பட்டை 5, வெளிர் 4. அடர்-வெளிர்-அடர் இரண்டு செட், வெளிர்-அடர்-வெளிர் ஒரு செட். ஓரம் நேராக்கியது போக செட்டுக்கு 7 துண்டு கிடைக்கும், ஆக 7 பிளாக். தனித்தனிச் சதுரமாகத் தைத்தால் 56 தையல், இதில் 20 தான்.

அயர்ன் போடும்போதுதான் வில்லங்கம் தெரியும். விரித்த செட் பிறை மாதிரி வளைந்து கிடக்கும். இரண்டு தையலையும் ஒரே முனையிலிருந்து ஓட்டியதன் பலன் அது. மெஷினின் பல் அடித்துணியைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். முதல் தையல் மேலிருந்து என்றால் அடுத்தது கீழிருந்து. வளைந்ததை அப்படியே நறுக்கினால் துண்டெல்லாம் கோணல். ஸ்கேலின் கோட்டைத் துணி ஓரத்தில் வைக்காமல் உள்தையல் மேல் வையுங்கள். தையல் நீளம் 2 மி.மீ. இருக்கட்டும். ரிவர்ஸ் போடாத தையலை நடுவே அறுக்கிறோம், நீளம் கூடினால் முனை பிரியும்.

தையல்பிடிப்பு (தையலுக்கு வெளியே விடும் கால் இஞ்ச் துணி) 1/16 இஞ்ச் கூடிப்போனால் கவலை வேண்டாம். இரண்டு தையலுக்கு ⅛ இஞ்ச்தான் குறையும்.

முக்கோணம்:
முக்கோணச் சதுரத்துக்கு (இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம்) ஒரே தடவையில் எட்டாகத் தைக்கும் முறையை விட வேகமானது கிடையாது. தைத்து முடிந்தபின் அளவு 2 இஞ்ச் வேண்டுமா? அதோடு ⅞ கூட்டி இரண்டால் பெருக்குங்கள், 5¾ வரும். 6 இஞ்சாகவே இரண்டு சதுரம் வெட்டி நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேர வைத்து, வெளிர் துணியின் பின்பக்கம் இரண்டு மூலைவிட்டமும் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் இரு புறமும் கால் இஞ்ச் தள்ளித் தையுங்கள். பிறகு நடுவே நெடுக்கில் ஒரு வெட்டு, குறுக்கில் ஒரு வெட்டு, கடைசியாகக் கோட்டின் மேல். எட்டும் 2⅝ இஞ்ச் வரும், தையல்பிடிப்போடு 2½ ஆகச் சீவிவிடலாம்.

முதல் வெட்டு முடிந்ததும் துணியைத் திருப்புகிறார்களே, அங்கேதான் போச்சு! அரை நூல் நகர்ந்தாலும் இரண்டாவது வெட்டு நடுவில் விழாது, நாலு முக்கோணம் பெரிசு, நாலு சிறிசு. துணியை அசைக்காமல் நீங்கள் சுற்றிப் போங்கள், அல்லது சுழலும் வெட்டுப்பலகை மேல் வெட்டுங்கள். விரிக்கும்போது ஒரு முனையில் இரண்டு மூன்று தையல் குறுக்கே பிடித்துக்கொண்டிருக்கும். தப்பாகத் தைத்ததாக நினைக்க வேண்டாம். மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

நூல்கண்டு:
எட்டுக்குக் கோடு போடவே நேரமாகும். 5 இஞ்ச் சதுரம் இரண்டை நாலு ஓரமும் சுற்றித் தைத்து மூலைக்கு மூலை வெட்டினால் நாலு கிடைக்கும். ஒவ்வொன்றும் 3⅛ இஞ்சுக்குச் சற்று மேல். கோடே வேண்டாம்.

முக்கோணம்:
@நூல்கண்டு, அதில் வெளி ஓரம் நாலும் கிராஸ் (இழைக்கு மூலைவாட்டம்). அயர்ன் பட்டதும் இழுபட்டு அலை அலையாக நிற்கும், அடுத்த துண்டோடு சேர்க்கும்போது ஒரு பக்கம் மிச்சம் தொங்கும். வெட்டுவதற்கு முன்னாலேயே துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டால் ஒப்பேற்றலாம். அயர்னைத் தள்ளக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்கணும். எட்டு முறையில் வெளி ஓரம் நேர் இழை, இந்தத் தொல்லையே இல்லை.

அளவுகோல்:
முதல் பதிவில் ஒரு கணக்குத் தவறு. 1/16 கூடினால் ஒரு தையலுக்கு 1/16 குறையாது, இரண்டு பக்கத் துணியும் உள்ளே போவதால் ⅛ குறையும். நைன் பேட்ச்சில் இரண்டு தையல், ஆக ¼ இஞ்ச். 6½ வர வேண்டிய பிளாக் 6¼ தான் வரும். எட்டு பிளாக்கை வரிசையாக வைத்தால் இரண்டு இஞ்ச் காணாமல் போயிருக்கும். அலட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

சோதனை எளிது. 1½ இஞ்ச் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து அயர்ன் போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் இருக்கணும். குறைந்தால் ஊசியை ஒரு நூலிழை வலப்பக்கம் தள்ளுங்கள். கால் இஞ்சே சரியாகப் பிடித்தாலும் மடிப்பும் நூலும் கொஞ்சம் இடம் தின்னும், அதனால் ஒரு நூலிழை குறைவாகத்தான் பிடிக்க வேண்டும்.

பொடித்துணி:
1½ இஞ்ச் பொடிச் சதுரங்களுக்கு: ஒட்டும் கேன்வாஸ் (ஒரு பக்கம் பசை உள்ள, அயர்ன் பட்டதும் ஒட்டும் துணி), அதிலும் மெல்லிசு. பசைப்பக்கம் மேலே. பத்துக்குப் பத்து அடுக்கி அயர்ன் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் மடித்து ஓட்டினால் நெடுக்கில் 9, குறுக்கில் 9, மொத்தம் 18 தையல். ஒவ்வொன்றாகத் தைத்தால் 99. முதல் ஒன்பது முடிந்ததும் சந்திகளில் தையல் வரை கத்தரித்து, ஒரு வரிசை மடிப்பு இடம், அடுத்தது வலம் என்று திருப்புங்கள். சதுரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் பசை அயர்ன் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து வைக்கும் வெள்ளைத் துணியில் பழுப்புக் கறை.

ஓட்டுத்தையல்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நேரம் போவது தைப்பதில் அல்ல, தேடுவதில். துண்டுகளை மூட்டையாகக் கட்டாதீர்கள். அயர்ன் போட்டு 1½, 2, 2½ இஞ்ச் பட்டை என்று மூன்று பெட்டி, 2½ சதுரத்துக்கு ஒன்று. அகலமானதை முதலில் வெட்டுங்கள், மிச்சத்தில் அடுத்தது. பனியன் துணியைக் கலக்காதீர்கள், பக்கத்துத் துண்டை இழுத்துவிடும். கருஞ்சிவப்பு, நீலத் துண்டுகளை நனைத்து வெள்ளைத்துணியால் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் ஒதுக்கிவிடுங்கள்.

தைக்கும்போது ஜோடிகளை நூல் அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் வெறும் துணிக்குப் பதில் 2½ சதுர ஜோடி ஒன்றை ஓட்டுங்கள். நூல் அடியில் கொத்தாகச் சிக்காது, பக்கத்திலேயே இன்னொரு குவில்ட்டுக்கான ஜோடிகளும் சேரும். அயர்னில் மடிப்பை எப்போதும் அடர்நிறப் பக்கம் தள்ளுங்கள். அப்போதுதான் பக்கத்து வரிசை மடிப்பு எதிர்ப்பக்கம் இருக்கும், விரலால் தடவினால் இரண்டும் டக்கென்று கோத்துக்கொள்ளும், குண்டூசி தேவைப்படாது. பாபின் நாலைந்து முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டைவெட்டு:
@அளவுகோல், கணக்கு சரி, ⅛ என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி 6¼ வந்தால் அவற்றையே சேர்த்துத் தைக்கலாம், ஒன்றும் குடிமுழுகாது. பாதி 6½, பாதி 6¼ என்று வந்தால்தான் பிரிக்க வேண்டிவரும்.